மனித உரிமைக் கல்வி: தனிப்பாடமா, வரலாற்று வகுப்பா, பள்ளி நடப்பா?

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப்புறச் சிறுநகரில் மனித உரிமைக் கல்வி என்று பேச்செடுத்தால், "இதற்கும் டியூஷன் அனுப்ப வேண்டுமா?" என்று ஒரு தாய் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பிள்ளையின் புத்தகப்பை ஏற்கெனவே கனக்கிறது.

தனிப்பாடத்துக்கு ஒரு வசதி உண்டு: கால அட்டவணையில் பெயர் ஏறிவிட்டால் யாரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் 2005இல் தனியாக வந்த குடியியல் பாடம் தனிப்பாடமாக நிலைக்கவில்லை. 2019இல் மீண்டும் வந்தபோது மொழி, வரலாறு, நன்னெறிப் பாடங்களுக்குள் பிரித்து வைக்கப்பட்டது. அன்பு, மரியாதை, பொறுப்பு, மகிழ்ச்சி என்பவையே அதன் நான்கு தலைப்புகள். உரிமைக்குத் தலைப்பு இல்லை! வணக்கம் சொல்லத் தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மனு எழுதத்தான் கற்றுத்தர வேண்டும்.

இருக்கும் பாடத்தோடு சேர்ப்பது இரண்டாவது வழி. இதற்கு வரலாற்றைவிடத் தோதான பாடம் கிடையாது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, கள்ளுக்கடைகளை மூடுவது எனக் கோரிக்கைகள் நீண்டன. துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. நாதனைக் கைதுசெய்து நாடுகடத்தினார்கள். துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். 1948இன் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தை அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால் போதும். சமவேலைக்குச் சமகூலி 23ஆம் பிரிவு, கல்வி 26ஆம் பிரிவு என்று அவர்களே கோடு போட்டு இணைத்துவிடுவார்கள். சைக்கிள் எந்தப் பிரிவில் சேரும் என்பதில்தான் வகுப்பு சூடுபிடிக்கும். பிரகடனத்துக்கு ஏழு ஆண்டுகள் முன்பே தம் தாத்தா காலத்து ஆட்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள் என்பது சும்மா விஷயமா? குறை என்னவென்றால், எல்லாம் ஆசிரியரின் ஆர்வத்தைப் பொறுத்தது. அவர் மாற்றலாகிப் போனால் பாடமும் கூடவே போய்விடும்.

மூன்றாவது வழி பள்ளியின் நடப்பையே மாற்றுவது. மனித உரிமை ஆணையமான சுஹாகாம் கல்வி அமைச்சுடன் நடத்திய 'அத்தாம்' (மனித உரிமைச் சிறந்த நடைமுறைகள்) திட்டம் இந்த வகை. உரிமைகளைப் பற்றி மட்டுமன்றி, உரிமைகள் மதிக்கப்படும் விதத்திலேயே கற்பிக்க வேண்டும் என்கிறது மனித உரிமைக் கல்வி பற்றிய ஐ.நா.வின் 2011ஆம் ஆண்டுப் பிரகடனம். மலேசியா 1995இல் ஏற்ற சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 28ஆம் பிரிவும், பள்ளிக் கட்டொழுங்கு பிள்ளையின் மானத்தைக் காக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் கையில் ரோத்தான் பிரம்போடு அதே உடன்படிக்கையை எப்படி நடத்துவது? கட்டணம் கட்டாதவனை வகுப்பில் எழுப்பி நிறுத்துவது, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையிடம் எல்லார் முன்னிலும் அதைக் கேட்பது, இவற்றை நிறுத்தக் காசு செலவில்லை. தலைமையாசிரியர் மனம்வைக்காவிட்டால் பதாகையும் சான்றிதழுமாக முடிந்துவிடும் என்ற ஆபத்து மட்டும் உண்டு.

மனித உரிமை நாளான டிசம்பர் 10ஆம் தேதி யாரையாவது அழைத்துப் பேசவைக்கும் வழியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

என் வரிசையில் மூன்றாவது வழிதான் முதலில், வரலாற்று வகுப்பு அதற்குத் துணை, தனிப்பாடம் கடைசி. தொடங்குவதற்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் போதும். கட்டொழுங்கு விதிகளைத் தமிழில் அச்சிட்டுப் பள்ளி திறந்த முதல் வாரமே வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளைக்கு மனக்குறை இருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.