சிறு நிறுவனங்களுக்கு 14416 எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

ஊழியர்களுக்கான தனியார் மனநல ஆலோசனைத் திட்டத்துக்குப் பணம் கட்ட முடியாத பட்டறைக்கும் பின்னலாடை யூனிட்டுக்கும் டெலி மானஸ் நல்ல தொடக்கம். 2022 அக்டோபர் 10 முதல் ஒன்றிய அரசு நடத்தும் இலவச மனநலத் தொலைபேசி சேவை இது. 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்.

யார் பேசினார்கள் என்ற விவரம் முதலாளிக்குப் போகாது. இதன் பெரிய பலமே அதுதான். நிறுவனங்கள் கெடுப்பதும் அதைத்தான். எண்ணை ஹெச்ஆர் மேசைக்கு எதிரே ஒட்டினால் யார் நின்று குறித்துக்கொள்வார்கள்? கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள், சம்பளச் சீட்டின் அடியில் அச்சடியுங்கள். பேச, கதவு சாத்தும் ஓர் அறையும் சம்பளம் பிடிக்காத அரை மணி நேரமும் வேண்டும். "யார்கிட்டம்மா அவ்வளவு நேரம் பேசினே?" என்று சூப்பர்வைசர் ஒருமுறை கேட்டால் போதும், அப்புறம் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

குறையும் உண்டு. ஒவ்வொரு முறையும் அதே ஆலோசகர் கிடைப்பார் என்று நம்பி இறங்கக் கூடாது. நீண்ட நாள் சிகிச்சைக்கு நேரில்தான் போக வேண்டும். அதற்கு அரை நாள் விடுப்பு கொடுங்கள். இரவு ஷிஃப்டை முந்தின நாள் மாலையில் மாற்றும் இடத்தில் எந்த ஹெல்ப்லைனும் உதவாது. ஷிஃப்ட் பட்டியலை இரண்டு வாரம் முன்பே ஒட்டுங்கள்.

குழுக் காப்பீட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 2017 மனநலச் சட்டப்படி மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையான காப்பீடு உண்டு. ஆனால் புறநோயாளிச் செலவு பெரும்பாலான பாலிசிகளில் சேராது.