லிட்மானென் பனியன் மூன்று, திருப்பூரில் தைத்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணியும் தையலும் அருமை, பிரிண்டில் கவனம் போதாது, சொன்ன தேதிக்குக் கையில் கிடைக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். இவ்வளவு தெரிந்தால் போதும் என்பவர்கள் வேறு வேலையைப் பார்க்கலாம். யார் இந்த லிட்மானென், அவர் பேரில் எதற்குத் திருப்பூரில் பனியன் என்று கேட்பவர்களுக்குத்தான் மீதி.

கோயம்புத்தூரில் எந்த ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போனாலும் மெஸ்ஸி, ரொனால்டோ, அதற்கு மேல் போனால் நெய்மார். பழைய ஆட்டக்காரர் என்றால் மரடோனாவோடு சரி. லிட்மானென் ஆடிய ஃபின்லாந்து அணியின் ஜெர்சி இருக்கிறதா என்று கேட்டால் ஸ்கூல் யூனிஃபார்ம் பிரிவைக் காட்டுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் கூரியரும் சுங்க வரியும் சேர்ந்தால் பனியன் விலையையே தாண்டிவிடும். உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்பும் ஊர் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது அது எதற்கு என்றுதான் திருப்பூர் காதர்பேட்டை பக்கம் போனேன். மெயின் ரோட்டில் இல்லை, உள்ளே ஒரு சந்தில், கீழே தரத்தில் தள்ளிய செகண்ட்ஸ் பீஸ் வியாபாரம், மேலே மாடியில் ஜெர்சி வேலை. கடைப் பெயர் வேண்டாம், அந்த வட்டாரத்தில் இதே வேலை செய்பவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

பெரும்பாலான இடங்களில் பத்து, பதினைந்து பீஸ் இல்லாமல் பேச்சே கிடையாது. இங்கே ஒரு பீஸ் என்றாலும் எடுத்துக்கொள்கிறார்கள், விலைதான் கூடும். கம்ப்யூட்டரில் டிசைன் போடும் பையன் பேரைப் பார்த்துவிட்டு, "ஏனுங்ண்ணா, இவரு ஆருங்? கேரளாப் பக்கமுங்களா?" என்றான். ஃபின்லாந்துங்க தம்பி என்றேன். "அது எங்கீங் இருக்குது?" என்று கேட்டுவிட்டு அவனே போனில் தேடிப் பார்த்துக்கொண்டான். கேட்டானே, அது போதும் எனக்கு, ஒரு டீ முடியும் வரை லிட்மானென் கதைதான்.

யாரி லிட்மானென் 1971-ல் லாஹ்தியில் பிறந்தவர். பனிச்சறுக்குக்குப் பேர்போன ஊர் அது. அப்பா ஓலாவி ஃபின்லாந்து தேசிய அணியில் ஆடியவர், அம்மாவும் அதே ஊர் ரெய்பாஸ் கிளப்பில் ஆடியவர். மகனும் ரெய்பாஸில்தான் தொடங்கினார், பிறகு ஹெல்சிங்கியில் ஹெச்ஜேகே கிளப், அடுத்த வருஷம் மைபா கிளப், அங்கே கோப்பை ஜெயித்த கையோடு 1992-ல் நெதர்லாந்தின் அயாக்ஸ். அங்கே போனதும் ராஜ உபச்சாரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த இடத்தில் ஏற்கனவே டென்னிஸ் பெர்க்காம்ப் இருந்தார், இவர் அவருக்கு மாற்று ஆள், அவ்வளவுதான். 1993-ல் பெர்க்காம்ப் இன்டர் மிலானுக்குப் போக, பத்தாம் நம்பர் இவர் முதுகுக்கு வந்தது. அந்த 1993-94 சீசனில் 26 கோல், நெதர்லாந்து லீகிலேயே அதிகம். பெர்க்காம்ப் போய்விட்டாரே என்று புலம்பிக்கொண்டிருந்தவர்கள் அத்தோடு வாயை மூடியிருப்பார்கள்.

லிட்மானெனை நான் மிட்ஃபீல்டர், அதாவது நடுவரிசை ஆட்டக்காரர் என்றால், 26 கோல் அடித்தவரை அப்படிச் சொல்கிறீர்களே என்று வாடகை மைதானத்தில் ஆடும் எங்கள் டர்ஃப் குழுவில் ஒருத்தர் எப்போதும் வம்புக்கு வருவார். பயிற்சியாளர் வான் ஹாலின் அயாக்ஸ் 3-4-3 ஆடியது, அதாவது பின்னால் மூன்று, முன்னால் மூன்று, நடுவில் நான்கு பேர் வைர வடிவத்தில். அந்த வைரத்தின் மேல் முனைதான் லிட்மானென். சென்டர் ஃபார்வர்டு முன்னால் நின்று டிஃபெண்டர்களை இழுத்துப் பிடித்துக்கொள்வார், இவர் பின்னால் பந்தை வாங்கி, திருப்பி, பாஸ் கொடுத்துவிட்டு யாரும் கவனிக்காத நேரத்தில் பெனால்ட்டி பாக்ஸுக்குள் போய் நிற்பார். வேகம் என்று பெரிதாகக் கிடையாது, உடம்பு பலமும் கிடையாது, எங்கே எப்போது போக வேண்டும் என்பது மட்டும் தெரியும். இந்த மாதிரி ஆட்டத்தை யூட்யூபில் கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோவில் பார்த்தால் ஒன்றும் புரியாது, முழு மேட்ச் பார்க்க வேண்டும்.

சரி, பனியனுக்கு வருகிறேன்.

முதல் பீஸ் அயாக்ஸ், பத்தாம் நம்பர். வெள்ளை உடம்பு, மார்பு நடுவே மேலிருந்து கீழ் வரை அகலமான சிவப்புப் பட்டை. பட்டையைத் தனியாக வெட்டித் தைப்பார்கள் என்று நினைத்தேன், இல்லை, சப்ளிமேஷன். டிசைனை முதலில் தாளில் அச்சடித்து, அந்தத் தாளை பாலியெஸ்டர் துணிமேல் வைத்து 200 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கி அழுத்துகிறார்கள். சாயம் ஆவியாகி நூலுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. அதனால்தான் சிவப்புக்குப் பக்கத்திலேயே வெள்ளை இருந்தும் துவைக்கும்போது துளி இறங்கவில்லை, விரலால் தடவினால் பட்டை எங்கே தொடங்குகிறது என்றுகூடத் தெரியவில்லை. காட்டன் பனியனில் இதே மாதிரி போட்டுக்கொடுங்கள் என்று தயவுசெய்து போய்க் கேட்காதீர்கள், காட்டனில் இந்தச் சாயம் பிடிக்காது. துணி 150 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராம், டாட் நிட் என்ற புள்ளிப் பின்னல், கோவை வெயிலுக்குச் சரியான கனம். தோளில் தட்டையாகப் படியும் பேட்லாக் தையல் அடித்திருக்கிறார்கள், கழுத்து ரிப் இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பி வருகிறது. நம் ஊர் டெய்லர்களை இதில் யாரும் அடித்துக்கொள்ள முடியாது. ஸ்பான்சர் பெயரும் கிளப் சின்னமும் போட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். எனக்கும் அதுதான் வேண்டும், டூப்ளிகேட் போட்டுக்கொண்டு திரிகிற வயசா இது.

பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும் இந்தப் பனியன், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு அந்த மனிதர் செய்தது சாதாரணம் இல்லை. 1994-95-ல் அயாக்ஸ் லீகில் ஒரு மேட்ச்கூடத் தோற்கவில்லை, ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீகிலும் தோற்கவில்லை. செமிஃபைனல் இரண்டாவது மேட்சில் பயர்ன் மூனிக்கை 5-2, அதில் இவர் இரண்டு கோல். வியன்னாவில் ஃபைனல், ஏசி மிலானோடு, 0-0 என்று போய்க்கொண்டிருந்தபோது வான் ஹால் லிட்மானெனை வெளியே எடுத்துவிட்டு 18 வயசுப் பையன் க்ளூய்வெர்ட்டை இறக்கினார். 85-வது நிமிஷம் அந்தப் பையன் அடித்ததுதான் கோப்பையை வாங்கிக் கொடுத்த கோல். வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருது வரிசையில் அந்த வருஷம் வேயா, கிளின்ஸ்மன், அடுத்து மூன்றாவதாக லிட்மானென். 1996-ல் மறுபடியும் ஃபைனல், ரோமில், யுவெண்டஸ் முன்னால் இருந்தபோது சமன் செய்த கோல் இவருடையது, ஆனால் பெனால்ட்டியில் அயாக்ஸ் தோற்றது. அந்த சீசன் சாம்பியன்ஸ் லீகில் அதிக கோல் அடித்தவரும் இவரே, 9. இவ்வளவையும் வைத்துக்கொண்டு இவர் பேரை டர்ஃபில் சொன்னால் பாதிப் பேர் "யாருங்க அது" என்கிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாவது பீஸ் ஃபின்லாந்து, அதுவும் பத்து. வெள்ளைத் துணி, நீல எழுத்து, வேறு ஒன்றும் கிடையாது. இதில்தான் கடைக்காரர்கள் சொதப்பினார்கள். பேரை நான் வாட்ஸப்பில் டைப் செய்தே அனுப்பியிருந்தேன், காப்பி செய்து ஒட்டினாலே முடிந்தது. பையன் பார்த்து அடித்திருக்கிறான் போல, ஆங்கில எழுத்தில் நடுவில் A போய் E வந்து, கடைசி E போய் O வந்து, முதுகில் 'லிட்மேனன்'. கேரளாவா என்று அன்றைக்குக் கேட்டபோதே நான் உஷாராகியிருக்கலாம் என்கிறார் வீட்டுக்காரம்மா. டர்ஃபில் ஒருத்தர் "பாலக்காட்டுல எந்தப் பக்கமுங்க?" என்றே கேட்டுவிட்டார். கடைக்கு போட்டோ அனுப்பினேன், வாதம் எதுவும் இல்லாமல் புதிதாக ஒன்று அடித்துக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை, தப்பான பீஸையும் நீங்களே வச்சுக்குங்க என்றார்கள். இந்த விஷயத்தில் அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பிரிண்ட் போவதற்கு முன்னால் டிசைனை ஒருதரம் கஸ்டமருக்கு அனுப்பி ஓகே வாங்கும் பழக்கம் அங்கே இல்லை, நாமே கேட்டு வாங்க வேண்டும்.

இந்த ஃபின்லாந்து பனியன்தான் மூன்றில் எனக்குப் பிடித்தது. 1989-லிருந்து 2010 வரை 137 மேட்ச், 32 கோல், 39 வயசில் சான் மரினோவுக்கு எதிராகக்கூட பெனால்ட்டியில் ஒன்று போட்டார். ஆனால் ஆடிய உலகக் கோப்பை ஒன்று கிடையாது, ஐரோப்பிய நாடுகளின் யூரோ போட்டி ஒன்று கிடையாது. 1997-ல் ஹெல்சிங்கியில் ஹங்கேரியை ஜெயித்தால் உலகக் கோப்பைக்கான ப்ளேஆஃப் தகுதிச் சுற்று என்ற நிலையில் 1-0 முன்னால் இருந்து, கடைசி நிமிஷத்தில் தங்கள் கோலுக்குள்ளேயே பந்து பட்டுப் போய் 1-1. அந்த கோலை இன்றைக்குப் பார்த்தாலும் வயிறு கலங்கும். ஃபின்லாந்து முதல்முறை யூரோவுக்குத் தகுதி பெற்றது 2019 நவம்பரில், லிட்மானென் தேசிய அணியை விட்டு ஒன்பது வருஷம் கழித்து.

மூன்றாவது லிவர்பூல். லிட்மானெனுக்குச் சின்ன வயசிலிருந்தே பிடித்த கிளப், 2001 ஜனவரியில் பார்சிலோனாவிலிருந்து போய்ச் சேர்ந்தார். பார்சிலோனா காலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, காயம், வான் ஹால் போனார், இவரும் போனார். லிவர்பூலில் பத்தாம் நம்பர் மைக்கேல் ஓவனிடம் இருந்ததால் இவருக்கு 37. கடைக்காரர் இதை நம்பவே இல்லை. "மூணுக்கும் பத்துன்னே போட்டர்லாமுங், செட்டா இருக்கும்" என்று என்னிடம் வியாபாரம் பேசினார். வேண்டாம், 37-தான் வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கினேன். அங்கே போன சில மாசத்தில், லிவர்பூல் மைதானத்திலேயே இங்கிலாந்துக்கு எதிராக ஃபின்லாந்துக்கு ஆடி மணிக்கட்டு போய், அந்த சீசனின் கடைசிக் கட்டம் முழுக்க வெளியே. இவர் கதையில் காயம் இல்லாத பக்கம் குறைவு.

பனியனிலும் இதுதான் மட்டம். சிவப்புத் துணியில் வெள்ளை எழுத்தை சப்ளிமேஷனில் போட முடியாது, வெள்ளை மை என்று ஒன்று அதில் இல்லை. சரியாகச் செய்வதென்றால் வெள்ளைத் துணியை எடுத்து, எழுத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் சிவப்பு ஏற்ற வேண்டும். அதற்குச் செலவு என்று சிவப்புத் துணியிலேயே, ஃபிலிமில் அச்சடித்துச் சூட்டில் ஒட்டும் டிடிஎஃப் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது, இப்போது ஏழின் மூலையில் தூக்கிக்கொண்டு நிற்கிறது, வியர்த்தால் முதுகில் பிளாஸ்டிக் ஒட்டிய மாதிரி ஒரு சங்கடம். அடர் நிறம் எடுப்பவர்கள் 'ஃபுல் சப்ளிமேஷன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பீஸுக்கு 320 சொன்ன இடத்தில் 450 ஆகும், ஆனாலும் அதுதான் லாபம்.

இந்தப் பக்கம் கால்பந்து ஜெர்சிக்கு யாருங்க வருவாங்க என்று கடைக்காரர் சலித்துக்கொண்டார். 2019 மார்ச்சில் நம்ம கோவை நேரு ஸ்டேடியத்தில் மினெர்வா பஞ்சாபை 3-1 ஜெயித்து சென்னை சிட்டி கிளப் தேசிய அளவிலான ஐ-லீக் பட்டம் வாங்கிய அன்று கேலரியைப் பார்த்திருந்தால் இப்படிப் பேச மாட்டார். ஃபின்லாந்து ஆட்டக்காரர் என்றால் இப்போதைய பையன்களுக்கு யோனி காவ்கோவையும் தெரியும், அவரும் மிட்ஃபீல்டர்தான், யூரோ அணியில் இருந்துவிட்டு 2021-ல் மோகன் பகானுக்கு வந்தவர், முழங்கால் போய் ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து, திரும்பி வந்து 2024-ல் ஐஎஸ்எல் லீக் ஷீல்டு ஜெயித்த அணியில் ஆடினார். எங்கள் குழுவில் ஒருத்தன் இப்போது காவ்கோ பேரில் ஒன்று சொல்லி வைத்திருக்கிறான். பார்க்கலாம், இதில் என்ன எழுத்து மாறுகிறது என்று.

போகிறவர்களுக்கு: அளவு சின்னதாக வெட்டுகிறார்கள், எக்ஸெல் போடுபவர் டபுள் எக்ஸெல் சொல்லுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாசங்களில் போகவே வேண்டாம், உங்கள் ஒற்றை பீஸை யாரும் தொட மாட்டார்கள். அட்வான்ஸ் பாதி, மீதி ஜிபே. பார்சலை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்பார்கள், வேண்டாம், நேரில் போய்ப் பிரித்துப் பார்த்து, பேரை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு வாங்கி வாருங்கள். ஐந்துக்கு மூன்றரை, அந்தப் பையன் அனுப்புவதற்கு முன் டிசைனைக் காட்டப் பழகிவிட்டால் நாலரை கொடுக்கத் தயார்.