கோவைக்கு இறங்கலாமா, ஜூமில் கேட்கலாமா, பார் ரூமில் உட்காரலாமா?

2024 ஜூலை 1 அன்று ஐபிசி, குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதிலாகப் புதிய சட்டங்கள் அமலுக்கு வந்தன. அதன்பின் சில வாரங்களுக்கு, ஊட்டி கோர்ட்டில் வக்கீல்கள் கூடும் எங்கள் பார் ரூம் மேஜையில் அதிகம் கை மாறியது ஒரு ஜெராக்ஸ் தாள்தான். இடப்பக்கம் பழைய செக்‌ஷன், வலப்பக்கம் புதியது. கொலைக்கான 302 என்றால் 103, கொலை முயற்சிக்கான 307 என்றால் 109, ஏமாற்றுக்கான 420 என்றால் 318(4). முப்பது வருஷம் கிரிமினல் பார்த்த ஒரு சீனியர், முன்ஜாமீன் மனுவில் பழக்கதோஷத்தில் 438 என்று எழுதி, அடித்துவிட்டு 482 என்று மாற்றினார். பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கோரி ஹைகோர்ட் போவது என்றுதான் அவர் காலமெல்லாம் சொல்லிப் பழகியிருக்கிறார். அது இப்போது 528.

வக்கீலாகிவிட்டால் படிப்பு முடிந்தது என்பது எந்தக் காலத்திலும் உண்மையில்லை. ஆனால் படித்தாயா என்று நம்மைக் கேட்க ஆளில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மூன்று வருஷத்துக்கு 25 மணி நேரம் தொடர்கல்வி முடித்துக் கணக்குக் காட்டவேண்டும். நம் 1961 வழக்கறிஞர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, கருத்தரங்கு நடத்துவதையும் சட்ட இதழ் வெளியிடுவதையும் மாநில பார் கவுன்சிலின் பணிகளில் சேர்த்திருக்கிறது. ஆனால் இத்தனை மணி நேரம் படித்தே ஆகவேண்டும் என்று வக்கீல்மேல் கட்டாயம் எதுவும் இல்லை. தொழில் தொடங்க எழுதும் அகில இந்திய பார் தேர்வை ஒருமுறை பாஸ் செய்தால் சரி. எந்த வழியில் படிப்பது என்பதை அவரவரேதான் முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. மலையில் இருக்கிற நமக்கு மூன்று வழி உண்டு. மூன்றிலும் நேரம் போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், கீழே இறங்குவது. கோயம்புத்தூர் 86 கிலோமீட்டர். சென்னை என்றால் மேட்டுப்பாளையம் போய் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, காலையில் இறங்கி, அப்படியே கருத்தரங்குக்குப் போகவேண்டும். திரும்பி வர இன்னொரு ராத்திரி. நடுவில் போகிற கோர்ட் நாளுக்கு வாய்தா வாங்கவேண்டும், இல்லையென்றால் நண்பர் யாரையாவது ஆஜராகச் சொல்லவேண்டும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் அந்தத் திட்டமும் போச்சு. கொடைக்கானல் நண்பர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்கு உட்பட்டவர்கள், காலையில் இறங்கினால் ஹைகோர்ட் வேலையையும் கூட்டத்தையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம். ஊட்டிக்காரனுக்கு ஹைகோர்ட் சென்னையில்.

அப்படிப் போய் என்ன கிடைக்கிறது? மேடைப் பேச்சைவிட டீ இடைவேளையில் கிடைப்பதுதான் அதிகம். ஹைகோர்ட்டில் ஒரு சீனியரிடம் முகம் பழகிவிட்டால், அடுத்த மாதம் ஒரு ரிட் மனு போடும்போது போன் செய்து ஒரு வார்த்தை கேட்கலாம். இதை நான் மதிக்கிறேன். ஆனால் பாடத்துக்காக மட்டும் இறங்குவது என்றால் ஒரு நாள் பேச்சுக்கு இரண்டு ராத்திரி, ஒரு நாள் வருமானம். ஜூனியர்களால் அது முடியாது. பெண் வக்கீல்களில் வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்களுக்கு இந்த வழி ஏறக்குறைய அடைபட்டே இருக்கிறது.

அடுத்து ஜூம். கொரோனா காலத்தில் வந்தது, போகவில்லை. அதுவும் நல்லதுதான். புதிய மூன்று சட்டங்களைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் பாதிக்குமேல் வீட்டு ஜன்னலோரம் போனை நிறுத்திவைத்துக் கேட்டவை. ஜன்னலைவிட்டு நகர்ந்தால் சிக்னல் போய்விடும். சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன அமர்வின் வாதங்களை 2022 செப்டம்பரிலிருந்து நேரலையிலேயே பார்க்கலாம். 2023 ஜனவரியில் வந்த இ-எஸ்சிஆர் என்ற இணையத் தொகுப்பில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் இலவசம், பல தீர்ப்புகளுக்குத் தமிழாக்கமும் உண்டு. 1891-லிருந்து வருகிற மெட்ராஸ் லா ஜர்னல் தொகுதிகளை வாங்கி அடுக்க வசதியில்லாத ஒரு ஜூனியருக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்று சொல்லித் தீராது.

குறை என்னவென்றால், கேட்கிறோம், தலையாட்டுகிறோம், மறுநாள் கோர்ட்டில் நிற்கும்போது கை வருவதில்லை. போன், கம்ப்யூட்டர் பதிவைச் சாட்சியமாகக் காட்டத் தேவையான பழைய 65பி சான்றிதழ், புதிய சாட்சியச் சட்டத்தில் இப்போது 63-ஆம் பிரிவு. அதைப் பற்றி நான்கு வெபினார் கேட்டிருப்பேன். பார் ரூமில் ஒரு சனிக்கிழமை, ஆறேழு பேர் சேர்ந்து ஒரு போனை மேஜையில் வைத்து, அதிலிருக்கும் ஒரு வீடியோவுக்குச் சான்றிதழ் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். அட்டவணையில் உள்ள படிவத்தில் 'ஏ' பகுதி தரப்பினருடையது, 'பி' பகுதி நிபுணருடையது. இரண்டிலும் ஹாஷ் மதிப்பு, அதாவது அந்தக் கோப்பின் கைரேகை மாதிரியான ஒரு எண், எழுதவேண்டும். அந்த நீளமான எண்ணை எப்படி எடுப்பது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் எங்களில் ஆக இளையவர் லேப்டாப்பில் போட்டு எடுத்துக் காட்டினார். 64 எழுத்தையும் ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதினோம். வீடியோவில் ஒரு வினாடியை வெட்டிவிட்டு மறுபடி எடுத்தால் எண் மொத்தமாக மாறியது. அப்போதுதான் இது எதற்கு என்று எல்லோருக்கும் புரிந்தது. உடனே ஒருவர் கேட்டார்: "சரி, 'பி' பகுதிக்கு இந்த ஊர்ல யார்கிட்ட போய்க் கையெழுத்து வாங்குறது?" எந்த வெபினாரிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை.

அதுதான் மூன்றாவது வழி. வாரம் ஒருமுறை, கோர்ட் இல்லாத நாளில், இரண்டு மணி நேரம், கையில் உண்மையான கேஸ் கட்டோடு உட்கார்வது. கட்சிக்காரர் பெயரை மறைத்துவிட்டுத்தான். செலவு டீக்காசு மட்டும்.

இதிலும் ஆபத்து உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஒருவர் தப்பாகச் சொன்னால் எல்லோரும் சேர்ந்து தப்பாகக் கற்போம். மே மாதம் நடந்த ஏமாற்று, ஆகஸ்டில் எஃப்ஐஆர் என்று ஒரு கேஸ் வந்தது. புதிய சட்டம் வந்துவிட்டது, எல்லாமே புதுசுதான் என்று முடிவு கட்டிவிட்டோம். வெபினார் குறிப்பு வைத்திருந்த ஒரு ஜூனியர்தான் எழுந்து திருத்தினார்: குற்றம் நடந்த நாளில் இருந்தது ஐபிசி, அதனால் 420-தான், எஃப்ஐஆர் பதிவும் விசாரணையும் மட்டும் புதிய நடைமுறைச் சட்டப்படி. அன்றைக்கு அவர் இல்லையென்றால் நாங்கள் எத்தனை மனுவில் தப்பு செய்திருப்போமோ. ஆகவே ஜூமை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஜூமில் கேட்டதை சனிக்கிழமை மேஜைக்குக் கொண்டு வாருங்கள் என்பேன்.

ஆனாலும் பார் ரூமை நான் முதலில் வைப்பதற்கு உண்மையான காரணம் எங்கள் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்.

இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியில் படித்தவரும் கோயல்ஹோ வழக்கைப் படித்திருப்பார். 2007 ஜனவரி 11, ஒன்பது நீதிபதிகள். கோர்ட் கேள்வி கேட்காதபடி சட்டங்களைப் பாதுகாக்க அரசியல் சாசனத்தில் வைத்த பட்டியல் ஒன்பதாம் அட்டவணை. 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அதில் சேர்த்த சட்டத்தையும் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை வைத்து உரசிப் பார்க்கலாம் என்ற தீர்ப்பு. அது எங்கே கிளம்பியது? ஜன்மிகள் என்ற பரம்பரை நில உடைமையாளர்களின் எஸ்டேட்டுகளை ஒழித்த, 1969-ஆம் வருஷத்து கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்திலிருந்து. நாட்டின் வனச் சட்டத்தையே மாற்றிய கோதவர்மன் வழக்கும், 1996 டிசம்பர் 12 உத்தரவும், கூடலூர்க் காட்டிலிருந்து கிளம்பியவைதான். மனு போட்டவர் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்தவர். யானை வழித்தடத் தீர்ப்பு, 2020 அக்டோபர் 14, மசினகுடி பக்கத்தது. இந்த மலையிலிருந்து டெல்லிக்குப் போய் நாடு முழுதும் பாடமானவை இத்தனை.

கோயல்ஹோவின் தத்துவத்தைக் கடகடவென்று சொல்கிற ஜூனியரிடம், பந்தலூரிலிருந்து வந்த கட்சிக்காரர் ஒரு பழைய ரசீதை நீட்டி, "சார், எங்க இடம் செக்‌ஷன் பதினேழுல வருதா, பட்டா கிடைக்குமா?" என்று கேட்டால் தடுமாறுகிறார். அந்த ஜன்மம் சட்டத்தின் 8, 9, 10-ஆம் பிரிவுகளில் ரயத்துவாரி பட்டா, அதாவது அரசுக்கு நேரடியாக வரி கட்டுகிற உரிமைப் பட்டா, கேட்பது ஒரு பாதை. ஜன்மி குத்தகைக்கு விட்ட தோட்ட நிலம், 17-ஆம் பிரிவு, முற்றிலும் வேறு பாதை. அதோடு மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955, தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949, பழங்குடிக் குடும்பம் என்றால் 2006 வன உரிமைச் சட்டம். நான் கலந்துகொண்ட எந்த நகரத்துக் கருத்தரங்கிலும் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கவில்லை. நான் கேட்ட எந்த ஜூமிலும் வரவில்லை. இது இருப்பது சில சீனியர்களின் தலையிலும், பரணில் கிடக்கிற கட்டுகளிலும்தான். அவர்களுக்கும் வயதாகிறது. ஒவ்வொருவராகப் போகப் போக அந்த அறிவும் போகிறது. அதை நினைத்தால் எனக்கு மனசு பதறுகிறது.

அதனால் யாராவது என்னிடம் கேட்டால் இப்படிச் சொல்வேன். பதிவு செய்து மூன்று நான்கு வருஷம்தான் ஆகிறது என்றால் சனிக்கிழமையைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள், வாரத்தில் ஒரு ராத்திரி ஜூமுக்குக் கொடுங்கள், சென்னைப் பயணத்தை இப்போதைக்கு ஒத்திப்போடுங்கள். ரிட் வேலை செய்ய ஆசை இருந்தால் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை இறங்கினால் போதும். சீனியர் என்றால் கோயம்புத்தூரில் பேசக் கூப்பிடும்போது போங்கள், ஆனால் அதற்கு முன்னால் நம் பார் ரூமில் ஒருமுறை பேசிவிட்டுப் போங்கள்.

வருகிற சனிக்கிழமை எங்களுக்கு 17-ஆம் பிரிவு. கூடலூரிலிருந்து ஒரு சீனியர் 1970-களின் கட்டு இரண்டைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். காகிதம் தொட்டாலே பொடியும் நிலையில் இருக்கிறதாம், ஜெராக்ஸ் மிஷினில் வைக்க முடியாது. ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுக்க இரண்டு ஜூனியர்களைப் போட்டிருக்கிறோம்.