கோத்தகிரியில் தனியாக நடக்கிறவர்களுக்குத் தோதான ஒரு வீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குடும்பத்தோடு ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு இந்த ஹோம்ஸ்டே சரிப்படாது. டிவி இல்லை, கேம்ப் ஃபயர் இல்லை, ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியாது, பக்கத்து வீட்டுக் கேரட் தோட்டமும் ஒரு சிமென்ட் தண்ணீர்த் தொட்டியும்தான் தெரியும். ஆனால் நாள் முழுக்கத் தனியாக நடக்க வேண்டும் என்றே நீலகிரிக்கு வருகிற ஆள் என்றால், நான் தங்கிய இடங்களில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகிற சாலையில், ஈளாடாவுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. மூன்றே அறைதான், நெட்டில் பெயர் வந்தால் கூட்டம் வந்துவிடும் என்று வீட்டுக்கார அக்கா வேண்டாம் என்றார், அதனால் பெயர் போடவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் 'நோட்டு எழுதச் சொல்ற வீடு' என்று கேட்டால் வழி காட்டுவார்கள். சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் (2024 மே மாதத்திலிருந்து இருக்கும் நடைமுறைதான்), அரசுப் பேருந்தில் வந்தால் அந்த வேலையும் இல்லை. தனியாக நடக்க வருகிறவருக்கு வண்டி எதற்கு, மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினால் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஜன்னலோரம் உட்கார்ந்து வந்துவிடலாம்.

சரி, அந்த நோட்டு. வாசலில் செருப்பு கழற்றும் இடத்துக்கு மேலே ஒரு நீள நோட்டு, நூலில் கட்டிய பேனா. கிளம்பும் முன் எந்தப் பக்கம் போகிறோம், எந்த வழியாக, எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுத வேண்டும். சும்மா கோடநாடு என்று எழுதிவிட்டு நழுவ முடியாது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பார். "கோடநாடுன்னா ரோட்டு வழியாவா, தோட்டத்துக்குள்ள பூந்தா கண்ணு?" என்று கேட்பார். சொன்ன நேரம் தாண்டினால் போன் வரும். போன் எடுக்கவில்லை என்றால் அவருடைய தம்பி ஜீப்பை எடுத்துக்கொண்டு அந்த வழியில் வருவார். ஒருநாள் சாயங்காலம் இன்னொருவரைத் தேடி அப்படிக் கிளம்பியதை நானே பார்த்தேன், அவர் வழியில் ஒரு கடையில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாராம்.

இது பாதுகாப்பு ஏற்பாடு என்று நினைப்பீர்கள், பாதுகாப்புதான். ஆனால் எனக்கு இது உதவியது மனசுக்கு. தனியாக நெடுந்தூரம் நடந்தவர்களுக்குத் தெரியும், காலையில் எல்லாம் நன்றாகத்தான் போகும், ஆபீஸ் சண்டைகளை மனசுக்குள் ஒரு சுற்று போட்டு ஜெயித்துவிட்டு விசில் அடித்துக்கொண்டு நடப்போம். மத்தியானத்துக்கு மேல்தான் வினை. கீழே சமவெளிப் பக்கமிருந்து மேகம் ஏறி வந்து தோட்டத்தை மூடும், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே தேயிலைச் செடி, ஆள் நடமாட்டம் இருக்காது, சட்டை வியர்வையில் நனைந்து காற்றுக்குச் சில்லிடும், அப்போது பார்த்து எங்கிருந்தோ ஒரு துக்கம் வந்து நெஞ்சில் உட்காரும். எதற்காக வந்தோம், வீட்டில் அம்மா தனியாக என்ன செய்கிறாளோ, நமக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தெரியும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக. அந்தக் கடைசிக் கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது, நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. அந்த ஒன்றுக்குப் பதில் இருந்தால் மற்றவையும் கொஞ்சம் அடங்குகின்றன. மூடுபனியும் தனிமையும் அப்படியேதான் இருக்கும், பயம் மட்டும் அதன் அளவுக்கு மேல் ஊதிப்போகாது.

இரண்டாவது விஷயம் பொட்டலம். காலையில் கட்டித் தருவது எலுமிச்சைச் சாதம் அல்லது சப்பாத்தி, கூடவே கடலை மிட்டாய், இரண்டு வர்க்கி (ஊட்டிப் பக்கத்து மொறுமொறு பிஸ்கட்). கொடுக்கும்போது அக்கா எனக்குச் சொன்னது: "மனசு ஒரு மாதிரி ஆச்சுன்னா மொதல்ல உக்காரு. தண்ணி குடி, எதையாவது தின்னு. அதுக்கப்புறமும் பயமா இருந்தா திரும்பி வந்துரு, யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல." கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் எனக்கு வந்த மத்தியானத் துக்கங்களில் பாதிக்கு மேல் கடலை மிட்டாயிலேயே கரைந்தது. மலைக்குளிரில் தாகம் சரியாகத் தெரியாது, உடம்பு வற்றிக்கொண்டிருக்கும், நாம் குடிக்கவே மாட்டோம், பசியும் குளிரும் சேர்ந்துகொண்டால் மனசு அதை வாழ்க்கைப் பிரச்சினை என்றே எடுத்துக்கொள்ளும். உலர்ந்த பனியன் ஒன்றைப் பையில் வைத்திருந்து மாற்றிக்கொள்ளுங்கள், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், நெஞ்சு படபடப்பு குறையும். தண்ணீர் பாட்டிலை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும், நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை.

இப்போது சில இடங்களில் டிஜிட்டல் டீடாக்ஸ் என்று சொல்லி வந்ததும் போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்களாம். அறைக்குள் உட்கார்ந்து தியானம் செய்கிறவர்களுக்குச் சரி. காட்டெருமை நடமாடும் மலையில் தனியாக நடக்கிறவனிடம் போனைப் பிடுங்கிக்கொள்வது நிம்மதி தருகிற வேலையா என்று எனக்குப் புரியவில்லை.

எங்கே நடப்பது? கோடநாடு காட்சிமுனை கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர். நடந்தே போய், பள்ளத்தில் மாயாற்றையும் தெங்குமரஹாடா கிராமத்தையும் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிவிடலாம், இதுதான் என் முதல் சிபாரிசு, ஏனென்றால் பொதுச் சாலை, வழியில் ஊர்கள் உண்டு, சுருண்டு உட்கார்ந்தாலும் ஒரு பஸ் வரும். கால் வலிக்கிற நாளில் கன்னேரிமுக்கு கிராமம், அந்தக் காலத்துக் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களா அங்கே இருக்கிறது. லாங்வுட் சோலைக் காட்டுக்கு வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். 116 ஹெக்டேர்தான், 2024 ஜனவரியில் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவித்தார்கள், உள்ளே போனால் வெளிச்சமே வேறு மாதிரி.

காட்டுக்குள் தனியாக அனுப்பச் சொல்லி அக்காவிடம் கெஞ்சிப் பிரயோஜனமில்லை. நான் இருந்தபோது ஒரு பையன் ரங்கசாமி மலைக்குத் தனியாகப் போகிறேன் என்று நின்றான். நோட்டை மூடி வைத்துவிட்டார். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் மலையேறப் போனவர்கள் பலர் செத்துப்போன குரங்கணிக் காட்டுத்தீ நடந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன, அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். ஏற வேண்டும் என்றால் 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, ஆன்லைனில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். அது தனிநடை ஆகாது, ஆனால் உயிரோடு திரும்பி வரலாம்.

சாயங்காலம் அக்கா கேட்பது ஒரே கேள்விதான், "இன்னிக்கு என்னத்தப் பார்த்த?" இதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று அடுத்த நாள் நடக்கும்போது கண் தானாக வெளியே போகிறது. நீலகிரி சிரிப்பான் பறவை எங்கே கத்துகிறது, எந்தத் தோட்டத்தில் கவாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) முடிந்திருக்கிறது, சாணம் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனால் நம்மை நாமே தோண்டிக்கொண்டிருக்க நேரமில்லை. (ஈரமாக இருந்தால் காட்டெருமை பக்கத்தில்தான் இருக்கிறது, நின்று, வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள், செல்ஃபி வேண்டாம்.)

குறைகளும் உண்டு. வெந்நீர் விறகு பாய்லரில் வருவது, காலை ஆறிலிருந்து ஏழரை வரைதான், தூங்கிவிட்டால் பச்சைத் தண்ணீர். மெத்தையில் ஈர வாடை. அறைகளுக்கு நடுவே பலகைத் தடுப்பு, பக்கத்து அறைக்காரர் குறட்டை விட்டால் நீங்களும் விழித்திருக்க வேண்டியதுதான். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு, ராகிக் களியும் அவரை உருளைக்கிழங்குக் குழம்பும் பிரமாதம், தாமதமாக வந்தால் ஆறிப்போனதுதான். யாருமே என்னைத் தேடக் கூடாது என்று வருகிறவர்களுக்கு அந்தப் போன் எரிச்சலாக இருக்கும், அவர்கள் வேறு இடம் பார்க்கட்டும்.

கோத்தகிரி கிழக்குப் பக்கம், கூடலூர் மாதிரி ஜூன், ஜூலையில் மழை கொட்டாது, வடகிழக்குப் பருவமழைதான் இங்கே பலம். 2009 நவம்பரில் மண்சரிவில் எத்தனை உயிர் போயிற்று என்று இந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் பேசுகிறார்கள். அதனால் அக்டோபர், நவம்பரைத் தவிருங்கள். ஒரு ராத்திரிக்கு 1,200 ரூபாய், மூன்று வேளைச் சாப்பாடும் அதிலேயே. ஐந்துக்கு நாலு ஸ்டார், ஒன்றைக் குறைத்தது மெத்தைக்காக. சனி, ஞாயிறில் அவருடைய பேரப்பிள்ளைகள் வந்துவிடுவார்கள், ஒரு அறைதான் மிஞ்சும், அதனால் வாரநாளாகப் பார்த்துப் போங்கள்.