ஆறுதல் தர மறுத்த படங்கள்: மூலமும் ரீமேக்கும்

ஒரு படம் ரீமேக் ஆகும்போது பெரும்பாலும் இரண்டில் ஒன்று நேர்கிறது. பெரிய நடிகர்களோடும் பெரிய விளம்பரத்தோடும் வரும் புதிய படம் மூலப்படத்தை மக்கள் நினைவிலிருந்தே அகற்றிவிடுகிறது. அல்லது மூலப்படத்துக்கு இருக்கும் பெயர் புதிய படத்தைத் தலையெடுக்க விடாமல் அழுத்திவிடுகிறது. எப்படி நடந்தாலும் ஒரு நல்ல படம் கவனிக்கப்படாமல் போகிறது. முதல் வகைக்கு 1997இல் வெளிவந்த நார்வே படமான ‘இன்சோம்னியா’வையும், இரண்டாம் வகைக்கு 1977இல் வெளிவந்த ‘சார்சரர்’ படத்தையும் சொல்லலாம். இவற்றை அவற்றின் ஜோடிப் படங்களோடு அடுத்தடுத்துப் பார்த்ததில், ரீமேக்கை எடைபோட நான் நம்பும் அளவுகோல் இன்னும் உறுதிப்பட்டது. மூலப்படம் பார்ப்பவருக்குக் கொடுக்க மறுத்த ஆறுதலை ரீமேக் கொடுத்துவிடுகிறதா என்பதே அந்த அளவுகோல். ஊர் மாறலாம், காலம் மாறலாம், பாத்திரங்களின் தொழில்கூட மாறலாம். அந்த மறுப்பு நிலைத்திருந்தால் படம் பிழைத்துக்கொள்கிறது. கதையின் திருப்பங்களைக் கூடியவரை மறைத்தே எழுதுகிறேன். ஆனாலும் முடிவுகளின் போக்கைத் தொடாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய இயலாது.

‘இன்சோம்னியா’ இயக்குநர் எரிக் ஷோல்ட்பியர்க்கின் முதல் முழுநீளப் படம். கோடையில் சூரியன் மறையாத வடக்கு நார்வேயின் ட்ரொம்ஸோ நகரில் ஒரு மாணவி கொல்லப்படுகிறாள். விசாரிக்க வரும் ஸ்வீடன் நாட்டுத் துப்பறிவாளராக ஸ்டெல்லன் ஸ்கார்ஸ்கார்ட் நடித்திருக்கிறார். கொலையாளியைப் பிடிக்க விரித்த வலையில் மூடுபனி சூழ்ந்துகொள்ள, அவர் சுட்ட தோட்டா உடன் வந்த சக அதிகாரியின் மேல் பாய்ந்துவிடுகிறது. அதை ஒப்புக்கொள்ளும் வாய்ப்பு கைக்கெட்டும் தொலைவில் இருந்தும், சுட்டது கொலையாளிதான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வதை அவர் திருத்தாமல் விட்டுவிடுகிறார். நடந்ததைக் கொலையாளி பார்த்துவிட்டான் என்பது பிறகு தெரியவருகிறது. குற்றக் கதைகளில் வழக்கமாக இருட்டு தவறு செய்தவனுக்கு ஒதுங்க இடம் தரும். இந்தப் படத்தில் ஒதுங்க இருட்டே இல்லை. ஓட்டல் அறையின் ஜன்னலை எப்படி மூடினாலும் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறது. உறக்கமற்ற அந்த மனிதரின் முகம் காட்சிக்குக் காட்சி வெளிறிக்கொண்டே போவதை ஸ்கார்ஸ்கார்ட் ஏறக்குறைய வசனமே இல்லாமல் நடித்துக் காட்டுகிறார்.

இதே கதையை 2002இல் கிறிஸ்டோபர் நோலன் அலாஸ்காவுக்குக் கொண்டுபோய், அல் பசினோ, ராபின் வில்லியம்ஸ், ஹிலாரி ஸ்வாங்க் ஆகியோரை வைத்து எடுத்தார். நன்றாக எடுக்கப்பட்ட படம் அது. இன்றைக்குப் பெரும்பாலோர் அறிந்த ‘இன்சோம்னியா’வும் அதுதான். இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளக்க ஒரே ஒரு காட்சி போதும். சக அதிகாரியின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட தோட்டாவை மாற்றி வைக்க, துப்பறிவாளருக்கு வேறொரு தோட்டா, அதுவும் ஓர் உடலில் பாய்ந்த தோட்டா, தேவைப்படுகிறது. நார்வே படத்தில் அவர் ஒரு சந்துக்குள் போய், உயிரோடு நிற்கும் ஒரு நாயைச் சுட்டுக் கொன்று, தோட்டாவை எடுக்கிறார். அமெரிக்கப் படத்தில் அந்த நாய் ஏற்கனவே செத்துக் கிடக்கிறது. கதை நகர்வதற்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதல் படத்தில் அந்த நிமிடத்திலிருந்து இந்த மனிதரோடு சேர்ந்து நிற்க நமக்கு மனம் வருவதில்லை. இரண்டாவது படமோ அவரோடு நம்மைச் சேர்த்தே வைத்திருக்க விரும்புகிறது.

அந்த விருப்பம் அமெரிக்கப் படத்தின் எல்லா மாற்றங்களிலும் தெரிகிறது. பசினோவின் பாத்திரத்துக்கு ஒரு பழைய தவறு இருக்கிறது. ஆனால் அது ஒரு குழந்தையைக் கொன்றவனைத் தண்டிக்கப் பொய்யான சாட்சியத்தை உருவாக்கிய தவறு. பார்ப்பவர் மன்னித்துவிடக்கூடிய தவறு. ஸ்கார்ஸ்கார்டின் பாத்திரத்துக்கு அப்படி உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது. அவர் ஒரு பள்ளி மாணவியிடமும், ஓட்டல் வரவேற்பில் வேலை செய்யும் பெண்ணிடமும் நடந்துகொள்ளும் முறை பார்ப்பவரைக் கூசவைக்கிறது. ரீமேக்கில் அந்த ஓட்டல் பெண் அவருடைய மனப்பாரத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்பவளாக மாறிவிடுகிறாள். முடிவிலும் ரீமேக் அவருக்கு ஒரு மீட்சியை அளிக்கிறது. மூலப்படத்தில் அவருக்குக் கிடைப்பது தப்பித்தல் மட்டுமே. நினைக்க நினைக்க அந்தத் தப்பித்தல்தான் கொடிய தண்டனையாகத் தெரிகிறது.

நோலன் சேர்த்தவற்றில் உண்மையிலேயே நல்லதும் உண்டு. சுடப்பட்ட சக அதிகாரி, துறையின் உள்விசாரணைக்கு ஒத்துழைக்கத் தயாராக இருந்தவர் என்ற செய்தி மூலப்படத்தில் இல்லாதது. அதனால் மூடுபனிக்குள் நடந்தது விபத்துதானா என்ற ஐயம் சுட்டவருக்கே எழுகிறது. இந்த ஐயத்தைப் பசினோ கண்களிலேயே வைத்துக்கொண்டு படம் முழுதும் நடமாடுகிறார். நகைச்சுவைக்குப் பெயர்போன ராபின் வில்லியம்ஸ் குரலை உயர்த்தாமல், நண்பரிடம் பேசுவதுபோல் தொலைபேசியில் பேசும் காட்சிகளும், ஆற்றில் மிதக்கும் மரத்துண்டுகளின் மேல் நடக்கும் துரத்தலும் மூலப்படத்துக்கு வெளியே தேடிக் கண்டுபிடித்த செல்வங்கள். ஆகவே நோலனின் படத்தை ஒதுக்கச் சொல்லமாட்டேன். அதை மட்டும் பார்த்தவர்கள், இன்னும் நெருடலான, இன்னும் நேர்மையான ஒரு படம் அதற்குப் பின்னால் இருப்பதை அறியவேண்டும் என்பதே என் விருப்பம்.

‘சார்சரர்’ படத்தின் கதி இதற்கு நேர்மாறானது. ஜார்ஜ் அர்னோவின் பிரெஞ்சு நாவலிலிருந்து ஆன்ரி ஜார்ஜ் க்ளூஸோ 1953இல் எடுத்த ‘தி வேஜஸ் ஆஃப் ஃபியர்’, கான், பெர்லின் ஆகிய இரண்டு திரைப்பட விழாக்களிலும் முதன்மை விருதைப் பெற்றது. போக வழியில்லாமல் ஒரு தென்னமெரிக்க ஊரில் சிக்கிக்கொண்ட நால்வர், எரியும் எண்ணெய்க் கிணற்றை அணைக்கத் தேவையான நைட்ரோகிளிசரினை இரண்டு லாரிகளில் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகிறார்கள். ஒரு குலுக்கல் போதும், எல்லாம் முடிந்துவிடும். லாரிகள் புறப்படுவதற்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் அந்தப் படம், அந்த நேரத்தை ஊரின் வெயிலையும் வேலையின்மையையும் மனிதர்களின் வீறாப்பையும் காட்டச் செலவிடுகிறது. ஊருக்குள் மிடுக்காகத் திரிந்த ஜோ என்ற மூத்தவர், சாலையில் இறங்கியதும் துளித்துளியாக நொறுங்குவதைச் சார்ல்ஸ் வனேல் நடித்த விதத்துக்கு ஈடாக இந்த வகைப் படங்களில் வேறொன்றை நான் பார்த்ததில்லை. க்ளூஸோவின் படத்தில் ஆபத்து வெடிமருந்தில் மட்டும் இல்லை; பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவனின் நரம்பிலும் இருக்கிறது.

இப்படி ஒரு படத்தை மீண்டும் எடுக்கத் துணிந்தவர் வில்லியம் ஃப்ரீட்கின். 1977 ஜூனில் படம் வெளியானபோது, அதற்கு ஒரு மாதம் முன்பே வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரையரங்குகளை நிறைத்துக்கொண்டிருந்தது. மேலும் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ எடுத்தவரின் அடுத்த படத்துக்கு மந்திரவாதி என்று பொருள்படும் பெயர் இருந்ததால், பேய்ப்படம் என்று எண்ணி வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். உண்மையில் அது படத்தில் வரும் ஒரு லாரியின் பெயர். படம் பெரும் நஷ்டத்தில் முடிந்தது.

ஃப்ரீட்கின் செய்த முதல் மாற்றம் நால்வருக்கும் முன்கதை கொடுத்தது. வேராக்ரூஸ், ஜெருசலேம், பாரிஸ், நியூ ஜெர்சி என்று நான்கு இடங்களில் நான்கு குற்றங்களோடு படம் தொடங்குகிறது. காரணம் சொல்வது வேறு, ஆறுதல் சொல்வது வேறு என்பதை அந்தத் தொடக்கத்தில் கற்கலாம். இவர்கள் ஏன் ஓடி ஒளிந்தார்கள் என்பது தெரிந்த பிறகும், இவர்கள் தப்பவேண்டும் என்று நம்மை வேண்டவைக்க படம் எந்தச் சலுகையும் தருவதில்லை. பாரிஸ் பகுதியில் மனைவி பரிசளிக்கும் கைக்கடிகாரம் ஒன்று மட்டும் நம் நெஞ்சைத் தொடுகிறது. இந்த முன்கதைகள் நீளம் என்று சொல்பவர்களோடு எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு. பாத்திரங்களின் ஆழத்தில் க்ளூஸோவின் படத்தை இது எட்டவில்லை என்பதும் உண்மைதான்.

ஆனால் பாலம் வரும் காட்சி இருக்கிறது. கொட்டும் மழையில், பெருக்கெடுத்தோடும் ஆற்றின் மேல் கயிறும் மரப்பலகையுமாகத் தொங்கும் ஒரு பாலத்தை லாரி கடக்கவேண்டும். ஒருவர் முன்னே நடந்து கையால் வழிகாட்ட, மற்றவர் ஓட்டுகிறார். உளுத்த பலகைகள் சக்கரத்தின் கீழ் ஒவ்வொன்றாக முறிய, லாரி பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே வருகிறது. நடிகர்கள் ஏறிய உண்மையான லாரி, நீர்விசையால் இயங்கும் பொறிகள் மறைத்துவைக்கப்பட்ட உண்மையான பாலம். முதலில் டொமினிக்கன் குடியரசில் பாலத்தைக் கட்டி முடித்தபோது ஆறு வற்றிப்போனதால், அதைப் பிரித்தெடுத்து மெக்சிகோவில் வேறோர் ஆற்றின் மேல் மீண்டும் கட்டினார்கள். அந்தக் காட்சியில் பேச்சு ஏறக்குறைய இல்லை. எஞ்சினின் முனகலும் மரம் முறியும் ஓசையும்தான். க்ளூஸோவின் படத்தில் இந்த இடத்தில் வருவது, மலை வளைவில் பாதி கட்டி விடப்பட்ட ஒரு மரமேடை. அங்கே நாம் ஓட்டுபவனின் முகத்தைப் பார்க்கிறோம். இங்கே மனிதனைப் பொருட்படுத்தாத காற்றையும் நீரையும் பார்க்கிறோம். ஒரே கதையிலிருந்து ஒரு படம் மனித பயத்தையும் மற்றொன்று விதியின் அலட்சியத்தையும் எடுத்துக்கொண்டன. இரண்டுமே கடைசி வரை பார்ப்பவரைத் தட்டிக்கொடுப்பதில்லை. ஜெர்மானிய இசைக்குழுவான டேஞ்சரின் ட்ரீம், படத்தைப் பார்க்காமல் திரைக்கதையை மட்டும் படித்து அமைத்த மின்னணு இசை, காட்டுக்குள் நுழையும் லாரிகளை இரண்டு மிருகங்களாகவே ஆக்கிவிடுகிறது.

ஆறுதல் ஒரு படத்தை எப்படி அழிக்கும் என்பதற்கு ஜார்ஜ் ஸ்லூயிஸரே சாட்சி. 1988இல் அவர் எடுத்த டச்சுப் படம் ‘ஸ்பூர்லோஸ்’. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் காணாமல்போன காதலியை ஆண்டுக்கணக்கில் தேடும் ஒருவனின் கதை. அவளைக் கடத்தியவர் குடும்பத்தோடு வாழும் ஓர் ஆசிரியர். தனியாக உட்கார்ந்து, இல்லாத ஒரு பெண்ணுக்குக் கார்க் கதவைத் திறந்துவிடுவதை ஒத்திகை பார்க்கிறார், தன் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்துக்கொள்கிறார். அந்த நிதானம் தரும் அச்சத்தை எந்த ரத்தக் காட்சியும் தராது. 1993இல் அமெரிக்காவில் அதே இயக்குநர் அதே கதையை ‘தி வானிஷிங்’ என்று எடுத்தபோது முடிவை மாற்றி, எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகும்படி செய்துவிட்டார். ஜெஃப் பிரிட்ஜஸ் போன்ற நடிகர் இருந்தும் அந்தப் படத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

நம் மொழியில் இந்தச் சோதனையில் தேறிய படம் ‘குருதிப்புனல்’. கோவிந்த் நிஹலானி 1994இல் இந்தியில் எடுத்த ‘துரோகால்’ படத்தை அடுத்த ஆண்டே பி. சி. ஸ்ரீராம் தமிழுக்குக் கொண்டுவந்தார். பாடல் ஒன்றுகூட இல்லை, நாயகனின் சறுக்கலுக்குச் சப்பைக்கட்டும் இல்லை. தமிழ்ப் படத்தை மனப்பாடமாக அறிந்தவர்களும் ஓம் பூரியின் களைத்த, பெருமிதமற்ற காவல் அதிகாரியை அவசியம் பார்க்கவேண்டும். கமல்ஹாசன் உடைந்துபோவதை நாம் அதிர்ச்சியோடு பார்க்கிறோம். ஓம் பூரி உடைவதை, முதலிலிருந்தே அறிந்திருந்ததுபோல் பார்க்கிறோம்.

பார்க்க நினைப்பவர்களுக்கு நடைமுறையாகச் சில வார்த்தைகள். ‘இன்சோம்னியா’, ‘ஸ்பூர்லோஸ்’ இரண்டிலும் மூலப்படத்தை முதலில் பாருங்கள்; ஸ்லூயிஸரின் ரீமேக்கைத் தவறவிட்டாலும் இழப்பில்லை. ‘தி வேஜஸ் ஆஃப் ஃபியர்’, ‘சார்சரர்’ இரண்டையும் எந்த வரிசையிலும் பார்க்கலாம், இடையில் சில நாட்கள் விட்டால் போதும். ‘சார்சரர்’ படத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. இயக்குநரின் ஒப்புதல் இல்லாமல், தொடக்கத்து முன்கதைகளை வெட்டி 92 நிமிடங்களாகச் சுருக்கிய ஒரு பதிப்பு அந்நாளில் பல நாடுகளில் வெளியானது. ஃப்ரீட்கின் மேற்பார்வையில் சீரமைக்கப்பட்டு 2014இல் ப்ளூ-ரேயாக வந்த, சுமார் இரண்டு மணி நேரம் ஓடும் முழுப் பதிப்பையே தேடிப் பாருங்கள்.