நீச்சல் குளத்தைச் சுற்றிச் செயற்கைப் புல்: எந்தப் புல், எந்த மணல்?

கோவளத்துக்குப் பக்கத்தில், கடலுக்கு நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில் என் அக்கா வீடு. பின்பக்கம் சின்னதாக ஒரு நீச்சல் குளம். சுற்றிலும் போட்டிருந்த கடப்பா கல் மே மாத மத்தியானத்தில் தோசைக்கல்லாகிவிடும், பிள்ளைகள் குதித்துக் குதித்துத்தான் தண்ணீருக்குள் போவார்கள். அதைப் பெயர்த்துவிட்டுச் செயற்கைப் புல் போடலாம் என்று முடிவானதும் தேடும் வேலை என்னிடம் வந்தது. மொத்தம் 400 சதுர அடி.

கடைகளில் புல்லின் நிறத்தையும் உயரத்தையும் பற்றித்தான் பேசுகிறார்கள். புல்லுக்கு நடுவே என்ன கொட்டுவது, அதாவது இன்ஃபில் எது என்பதை நாமாகக் கேட்டால்தான் வாய் திறக்கிறார்கள். ஆனால் குளத்தோரத்தில் கால் சுடுமா, தண்ணீர் கெடுமா என்பதைப் பெரும்பாலும் அந்த இன்ஃபில்தான் தீர்மானிக்கிறது.

முதலில் புல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பாலிப்ரொப்பிலீன் மலிவு, ஆனால் நாலு பேர் நடந்தால் படுத்துவிடும், பால்கனிக்கு வேண்டுமானால் சரி. நைலான் நன்றாக நிமிர்ந்து நிற்கும், சூட்டையும் தாங்கும். ஆனால் விலை அதிகம், தண்ணீரை உறிஞ்சும், நனைந்து ஊறிய பாதத்துக்குச் சுரசுரப்பாக இருக்கும். பாலிஎத்திலீன் மெத்தென்று இருக்கும், தண்ணீர் குடிக்காது. நாங்கள் எடுத்தது அதுதான், 30 மில்லிமீட்டர் உயரத்தில். 40, 50 என்று போனால் பார்க்க அழகுதான். ஆனால் கடற்காற்றின் ஈரத்தில் அடி காயவே காயாது, அப்புறம் பக்கத்துத் தோப்பிலிருந்து வந்து விழும் சவுக்கு ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். வாங்கும்முன் ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்து அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடிப்பக்கத் துளைகள் வழியாக அது உடனே இறங்கவில்லை என்றால் ஐப்பசி மழையில் அங்கே குட்டைதான்.

இப்போது இன்ஃபில். அடிக்கு அடி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கொட்டி, இரண்டு மணி வெயிலில் குளத்தோரம் வைத்தேன்.

கருப்பு ரப்பர் குருணையில் மூன்று நொடிக்கு மேல் கால் வைக்க முடியவில்லை. பழைய டயரை அரைத்து எடுப்பது, விளையாட்டு மைதானங்களில் கொட்டுவது. 2002-ல் அமெரிக்காவின் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் இந்த மாதிரி மைதானம் ஒன்றை அளந்தபோது மேற்பரப்பு 93 டிகிரி செல்சியஸ் வரை போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த விதிப்படி 2031 அக்டோபருக்குப் பிறகு அங்கே இதை விற்கவே முடியாது, நுண்பிளாஸ்டிக்காகச் சிதறுகிறது என்பதால். ஈரக் காலில் ஒட்டிக்கொண்டு நேராகக் குளத்துக்குள் போகும் பொருள் இது. இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தென்னை நாரும் தக்கையும் சூடேறாது. பொள்ளாச்சிப் பக்கம் நாருக்குப் பஞ்சமே இல்லை என்பதால் எனக்கு அதன்மேல் ஆசை இருந்தது. ஆனால் தினமும் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் நார் பூஞ்சை பிடிக்கும், தக்கை மிதந்துபோய், குளத்தின் மேல்மட்டக் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரை அடைக்கும்.

ஜியோலைட் சூட்டில் எல்லாவற்றையும்விட நன்றாக நின்றது. நுண்துளை உள்ள கனிமம், தண்ணீரைப் பிடித்துவைத்து மெல்ல ஆவியாக்கும், அதனால் குளிர்ச்சி. நாய் மூத்திரத்தின் அமோனியாவையும் பிடித்துக்கொள்ளும். கோயம்புத்தூர் மாதிரி காற்று உலர்ந்த ஊரில், நாய் வளர்க்கும் வீடாக இருந்தால் யோசிக்காமல் இதைப் போடுவேன். ஆனால் கடலோரத்தில் அது எப்போதும் நசநசவென்று ஈரமாகவே கிடந்தது.

மிச்சம் இரண்டு. ஒன்று உருண்டையான சிலிக்கா மணல், குளத்தின் ஃபில்டரில் போடுவோமே, அதே மாதிரி மணல்தான். விலை குறைவு, கனம் நன்றாக இருக்கும், வெயிலில் சுட்டாலும் ஒரு வாளி தண்ணீரில் ஆறிவிடும். இன்னொன்று அதே மணலுக்கு அக்ரிலிக் பூச்சு கொடுத்தது. தூசி இல்லை, ஈரம் ஏறாது, நாற்றம் பிடிக்காது, ஆனால் விலை பல மடங்கு. சதுர அடிக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை பிடிக்கும் என்பதால் 400 அடிக்குக் கணக்குப் போட்டதும் அக்கா கொஞ்சம் யோசித்தாள். கடைசியில் குளத்தை ஒட்டிய பாதிக்குப் பூசியது, மதிலோரப் பாதிக்குச் சாதா சிலிக்கா என்று பிரித்தோம். சாதா சிலிக்காவைக் கொட்டும்போது ஆட்களுக்குக் கட்டாயம் மாஸ்க் கொடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. எம் சாண்ட் போதும் என்று கொத்தனார் சொன்னால் கேட்காதீர்கள், அதன் விளிம்பு கூர்மை, பொடியும் அதிகம், துளைகளை அடைத்துவிடும்.

ஒன்றுமே கொட்டாமல் விடலாமா என்றால், விடலாம். ஆனால் புல் சீக்கிரம் படுத்துவிடும், சூட்டில் விரிப்பு சுருக்கம் விழும், புயல்காற்றில் ஓரம் தூக்கும்.

எதைப் போட்டாலும் புல்லைத் தண்ணீர் விளிம்பு வரை கொண்டுபோகாதீர்கள். நாங்கள் ஒன்றரை அடிக்கு வெளிர்நிறக் கல் விட்டு, அதை ஒட்டி ஒரு வடிகால் வைத்து, அதற்கப்பால்தான் புல்லை ஆரம்பித்தோம். அடியில் ஜல்லி இறுக்கி, வாட்டம் குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, நூற்றுக்கு ஒன்று. தெறிக்கும் குளோரின் தண்ணீர் புல்லை ஒன்றும் செய்யாது, ஆனால் குளோரின் பவுடர் வாளியையும் ஆசிட் கேனையும் அதன்மேல் வைக்கக் கூடாது.

மழைக்காலம் முடிந்து தை மாதம் குளத்துக்கு வேக்கம் போட்டோம். அடியில் கிடந்த மணல் ஒரு கைப்பிடிகூட இல்லை.