பல மொழிப் பிள்ளைகள் உட்காரும் வகுப்புக்கு ஸ்டோரிவீவர் எவ்வளவு உதவும்?

பன்முகப் பண்பாட்டுக் கல்விக்கு இணையத்தில் உருப்படியாக என்ன கிடைக்கும் என்று கேட்கிற டீச்சர்களுக்கு நான் முதலில் அனுப்புவது ஸ்டோரிவீவர் என்ற இலவசச் சிறுவர் கதைத் தளத்தின் லிங்க்கைத்தான். ஏன் அது, எங்கே அது போதாது, அதோடு சேர்த்து வேறு எதையெல்லாம் பார்க்கலாம் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்தால் இனிமேல் கேட்பவர்களுக்கு இதையே கொடுத்துவிடலாம்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி லைன் வீடுகளுக்குப் பக்கத்தில் சாயங்கால வகுப்பு எடுக்கிறேன். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அஸ்ஸாம் என்று பல ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளும் வருகிறார்கள், அவர்களிலேயே வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறையப் பேர். வடக்கிலிருந்து வந்த பிள்ளை என்றால் தாய்மொழி இந்தி என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்த்தால்தான் ஒரு வீட்டில் போஜ்புரி, இன்னொரு வீட்டில் மைதிலி, அடுத்த வீட்டில் சந்தாலி என்று தெரியும். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பிள்ளைகளும் தமிழ் படிக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, இந்தப் பிள்ளைகள் தமிழை நாம் நினைப்பதைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் தேடுவது அவர்கள் வீட்டு மொழிக்கும் வகுப்பில் ஓர் இடம் கொடுக்கிற பொருளை. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் சொல்கிறது.

தேடினால் என்ன வருகிறது தெரியுமா? பூமி உருண்டையைச் சுற்றிப் பல நிறக் குழந்தைகள் கைகோத்து நிற்கிற போஸ்டர்கள். ஒவ்வொரு நாட்டு உடை, ஒவ்வொரு நாட்டுச் சாப்பாடு, ஒவ்வொரு நாட்டுக் கொடி என்று வண்ணம் தீட்டச் சொல்லும் தாள்கள். பணம் கட்டி இறக்கிய ஒரு தொகுப்பில் இந்தியா என்று ஒரே பக்கம், அதில் ஒரு யானை, ஒரு தாஜ்மகால், அவ்வளவுதான். அந்தத் தளத்தின் பெயர் வேண்டாம், அதுபோல டஜன் கணக்கில் இருக்கின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் பேங்க்ஸ் என்ற அறிஞர் பன்முகப் பண்பாட்டுப் பாடங்களை நான்கு படிகளாகப் பிரித்தார்: பண்டிகையும் பெரிய மனிதர்களும் மட்டும் வருவது முதல் படி, ஏற்கெனவே இருக்கிற பாடத்தோடு ஒரு பகுதியை ஒட்டுவது இரண்டாவது, பாடத்தையே பல தரப்பினரின் கண் வழியாகப் பார்க்கும்படி மாற்றுவது மூன்றாவது, பிள்ளைகள் தாங்களே முடிவெடுத்துச் செயலில் இறங்குவது நான்காவது. இணையத்தில் காசுக்கும் சும்மாவும் கிடைப்பதில் பெரும்பகுதி முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. எதை இறக்கினாலும் இது எத்தனையாவது படி என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குப்பை தானாகக் கழிந்துவிடும்.

சரி, ஸ்டோரிவீவருக்கு வருவோம். பெங்களூரில் இயங்கும் பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கமில்லாத பதிப்பகம் 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று தொடங்கிய சிறுவர் கதைத் தளம் இது. முழுக்க இலவசம். 300க்கும் மேற்பட்ட மொழிகளில் கதைகள் இருக்கின்றன. தமிழில் ஏராளம், இந்தி, ஒடியா, வங்கம், நேபாளி எல்லாவற்றிலும் உண்டு. படிக்கும் திறனுக்கு ஏற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள், முதல் நிலையில் பக்கத்துக்கு ஒரு வரிதான், நான்காவது நிலை சரளமாகப் படிக்கிற பிள்ளைக்கு. மொழி, நிலை, பொருள் என்று மூன்றையும் தேர்ந்தெடுத்துத் தேடலாம். பிடித்த கதையை பிடிஎஃப் ஆக இறக்கி அச்சடிக்கலாம், கணக்குத் தொடங்கினால் நெட் இல்லாமல் படிக்கவும் சேமித்து வைக்கலாம்.

ஆனால் எனக்கு இதில் முக்கியமானது கதைகளின் எண்ணிக்கை இல்லை, அதன் உரிமம். பெரும்பாலான கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரை விடாமல் போட்டால் போதும், நகல் எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றி எழுதலாம், படத்தை மட்டும் எடுத்து வேறு கதை செய்யலாம். பிடிஎஃப்பின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு படமும் சின்னதாக வரிசையாக இருக்கும், பக்கத்திலேயே யார் வரைந்தது, என்ன உரிமம் என்று போட்டிருப்பார்கள். ஜெராக்ஸ் செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று அந்தப் பக்கங்களைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், இந்த மொத்த ஏற்பாடும் அந்த மரியாதையில்தான் ஓடுகிறது.

அந்த உரிமத்தால் என்ன நடக்கிறது என்பதை எங்கள் வகுப்பிலிருந்தே சொல்கிறேன். மூன்றாம் வகுப்புப் பையன், ஒடிசாக்காரன். அம்மா செக்கிங் வேலைக்குப் போகிறார். கூட்டிப் போக வரும்போது அம்மா ஒடியாவில் ஏதாவது கேட்டால் மற்ற பிள்ளைகள் முன்னால் அவன் வாயே திறக்க மாட்டான், இல்லை தமிழில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முன்னால் நடப்பான். ஒடியா அவனுக்குப் பேச்சில் நன்றாக வரும், எழுத்து தெரியாது. அம்மாவுக்கு எழுத்து தெரியும். ஒரே கதையைத் தமிழிலும் ஒடியாவிலும் அச்சடித்து, ஒரே படம் இரண்டு பக்கமும் வருகிற மாதிரிச் சேர்த்துப் பின் அடித்தேன். தமிழ்ப் பக்கத்தை எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். அப்புறம் அம்மாவை உட்காரச் சொல்லி ஒடியாப் பக்கத்தைப் படிக்கச் சொன்னோம். முதல் பக்கத்தில் குரல் கொஞ்சம் தடுமாறியது, மூன்றாம் பக்கத்துக்குள் கதை சொல்கிற தொனி வந்துவிட்டது. படத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பாதியில் பொறுக்க மாட்டாமல் இவனைப் பிடித்து உலுக்கினார்கள், “டேய், இப்ப என்னடா சொன்னாங்க?” என்று. அவன் எழுந்து நின்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னான், கதையில் இல்லாததையும் இரண்டு வரி சேர்த்துச் சொன்னான். இப்போது கதை நேரத்துக்கு எந்தக் கதை என்று அவனே தேடுகிறான்.

இதற்கு ஆன செலவு சில தாள்கள்தான். புத்தகமாக வாங்கப் போனால் திருப்பூரில் ஒடியாக் கதைப் புத்தகம் எந்தக் கடையில் கிடைக்கும், சொல்லுங்கள்.

பழங்குடி மொழிகளிலும் இவர்கள் செய்திருக்கும் வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒடிசாவில் பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடங்கும் பன்மொழிக் கல்வித் திட்டம் 2006-07 வாக்கில் அரசுப் பள்ளிகளில் வந்தது. அங்குள்ள முண்டா, குய், சௌரா, ஜுவாங் என்ற நான்கு மொழிகளில், அந்தச் சமூகத்துக்காரர்களே எழுதிய கதைகளைப் பிரதம் புக்ஸ் ஒரு வரிசையாகக் கொண்டுவந்தது. படங்கள் சௌரா சுவரோவிய பாணியில் இருக்கும், ஒல்லியான கோட்டு மனிதர்களும் மரங்களும் மிருகங்களும் பக்கம் முழுக்க நெருக்கமாக நிறைந்திருக்கும். இந்தப் படங்களை நம் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள், ரொம்ப நேரம் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். சாந்திநிகேதன் பக்கம் வேலை செய்யும் சுசனா என்ற அமைப்பு சந்தாலியிலும் கோரா மொழியிலும் கதைகளை மொழிபெயர்த்து இதில் ஏற்றியிருக்கிறது. சந்தாலிக் கதை தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த மொழிக்கு 1925இல் ரகுநாத் முர்மு உருவாக்கிய ஒல் சிக்கி எழுத்து உண்டு, ஆனால் வங்காள எழுத்திலும் தேவநாகரியிலும் எழுதிப் படிக்கிற குடும்பங்களும் இருக்கின்றன. வீட்டில் யாருக்கு எந்த எழுத்து வரும் என்று கேட்டுவிட்டு இறக்குங்கள்.

இனி, போதாத இடங்கள். யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கி எழுதலாம், மொழிபெயர்க்கலாம் என்பதால் எல்லாக் கதைகளும் ஒரே தரத்தில் இருக்காது. தமிழிலேயே ஒரே கதைக்கு இரண்டு மொழிபெயர்ப்பு இருந்தால் ஒன்று வாய்விட்டுப் படிக்க இனிக்கும், இன்னொன்று பாடப்புத்தக நடையில் விறைப்பாக நிற்கும். வகுப்புக்கு முன்னால் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்துவிடுவது நல்லது. நமக்குத் தெரியாத மொழி என்றால் அதைச் செய்ய முடியாது, அந்த மொழி பேசும் ஒரு பெற்றோரிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், அவர்கள் முகமே சொல்லிவிடும். சின்ன மொழிகளில் கதைகளின் எண்ணிக்கையும் குறைவு, தமிழுக்கும் இந்திக்கும் இருக்கிற அளவில் பாதி கூட எதிர்பார்க்காதீர்கள். கதையைக் கேட்டுக்கொண்டே எழுத்தைத் தொடர்கிற ஒலி வசதியும் எல்லா மொழிக்கும் கிடையாது, எழுத்து தெரியாத பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம் தேவை என்பதால் இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. இவ்வளவும் சேர்த்து ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

கூடவே பார்க்கக்கூடிய மற்ற தளங்களைப் பற்றிச் சுருக்கமாக. ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் 2014இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய தளம், அதுவும் திறந்த உரிமம்தான், அந்தக் கதைகள் பல ஸ்டோரிவீவருக்குள்ளும் வந்திருக்கின்றன. கென்யாக் கதையில் தண்ணீருக்குக் குடம் தூக்கிப் போகிற பெண்ணைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் ஆச்சரியமே படவில்லை, அவர்கள் வீட்டிலும் அதுதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் அந்த ஆப்பிரிக்கக் கதைகளில் 40ஐ எடுத்துக் குடியேறிகளின் மொழிகளில் ஒலியோடு போட்டிருக்கிறார்கள், வகுப்பில் இரண்டு மொழியை எப்படி அருகருகே வைப்பது என்று பார்க்க அது நல்ல மாதிரி. நம் நாட்டுக்குள் மத்திய அரசின் திக்‌ஷா என்ற கல்வித் தளத்தில் மற்ற மாநிலப் பாடப்புத்தகங்கள் கிடைக்கும், சீசன் முடிந்து ஊருக்குத் திரும்பப் போகிற பிள்ளைகளுக்கு அது ரொம்ப முக்கியம், அங்கே போய் எந்தப் பாடத்தில் சேர்வார்கள் என்று இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். மத்தியக் கல்வித் துறையின் பாஷா சங்கம் செயலியில் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் நூறு அன்றாட வாக்கியங்கள் உண்டு. ஒரு பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று அவன் மொழியில் கேட்க அது உதவும். மைதிலியும் சந்தாலியும் 2003இல் அட்டவணையில் சேர்ந்ததால் இருக்கின்றன, போஜ்புரி இல்லை, குய் இல்லை, நம் நீலகிரியின் தோடாவும் கோத்தாவும் படகாவும் இல்லை.

அமெரிக்காவின் லேர்னிங் ஃபார் ஜஸ்டிஸ் தளத்தை ஆசிரியர்கள் தங்களுக்காகப் படிக்கலாம். 1991இல் வேறு பெயரில் தொடங்கியது, 2021இல் இந்தப் பெயருக்கு மாறியது. வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை இழிவாகப் பேசினால் அந்த நிமிடம் ஆசிரியர் என்ன சொல்வது, எப்படிக் குறுக்கிடுவது என்பதில் அவர்கள் கொடுக்கும் வழிகள் உருப்படியானவை. ஆனால் அது நிறத்தையும் இனத்தையும் மையமாக வைத்து அந்த ஊருக்காக எழுதியது. அப்படியே இறக்கி நம் பிள்ளைகள் கையில் கொடுத்தால் வேற்றுமை என்பது எங்கோ கடல் தாண்டி நடக்கிற விஷயம் என்றுதான் நினைப்பார்கள். நம் வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருவதில்லை, யார் தண்ணீர் பாட்டிலை யார் வாங்கிக் குடிப்பதில்லை என்று பார்த்தாலே தெரியும், இங்கே முதலில் பேச வேண்டியது சாதியை. டைவர்சிட்டி என்று தேடினால் அது வரவே வராது. ஸ்டோரிவீவரிலும் அதற்கென்று தனியாக ஒரு கதவு இல்லை, நாம்தான் கதைகளைப் படித்துப் பார்த்துப் பொறுக்க வேண்டும். பொறுக்கி ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறவர்கள் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள், நிறைய ஆசிரியர்கள் இதைத்தான் தேடுகிறார்கள்.

தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் வகுப்பில் என்னென்ன வீட்டு மொழி இருக்கிறது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள், அதுவும் பாட்டியிடம் எந்த மொழியில் பேசுவாய் என்று கேளுங்கள், சரியான பதில் அப்போதுதான் வரும். பிறகு முதல் நிலையில், படம் பெரிதாக இருக்கிற, அந்த மொழிகள் எல்லாவற்றிலும் கிடைக்கிற ஒரு கதையைத் தேர்ந்தெடுங்கள். கலர் பிரிண்ட் தேவையில்லை, கருப்பு வெள்ளையில் எடுத்தால் பிள்ளைகளே வண்ணம் தீட்டிக்கொள்வார்கள். ஒரு மொழியில் கதை கிடைக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளையின் அப்பாவையோ அம்மாவையோ சொல்லச் சொல்லி நீங்களே தளத்தில் மொழிபெயர்த்து ஏற்றலாம், வரிக்கு வரி பக்கத்திலேயே மூலக்கதை தெரியும், பெரிய கணினி அறிவு எதுவும் வேண்டாம். இருளர், குறும்பர், பணியர் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் இருக்கிற டீச்சர்கள், மதுரையில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள், படகா பேசுகிறவர்கள், உங்களைத்தான் முக்கியமாகக் கேட்கிறேன்: நாலு வரிக் கதை ஒன்றை எடுத்து உங்கள் மொழியில் போடுங்கள். தமிழ் எழுத்திலேயே எழுதினாலும் சரி.